பரிசோதனைக்கு முதலில் போக வேண்டியவர் யார்?

(அமிர்தியில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் குடும்ப நல ஒன்றுகூடலில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பல ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் வேன் பிடித்து வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மானையும் மயிலையும் பார்க்கப் போயிருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு நாள் எவ்வளவு கனமானது என்று எங்களுக்குத் தெரியும். "உங்க பசங்க எங்கே?" என்று காலையிலிருந்து யாராவது ஒருவர் கேட்டிருப்பார். இன்றைய பேச்சு அவர்களுக்காக. அப்படிக் கேட்டவர்களுக்காகவும்தான்.

மருத்துவ உதவி கேட்டு எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் குழந்தைப் பேறு சிகிச்சைக்கான விண்ணப்பங்களும் உண்டு. கோப்பைத் திறந்தால் மனைவியின் ஸ்கேன், மனைவியின் ரத்தப் பரிசோதனை, மனைவிக்குக் கர்ப்பப்பை 'சுத்தம்' செய்த சீட்டு, மனைவி விழுங்கிய மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் தடிமனாக இருக்கும். கணவருடைய காகிதம் ஒன்றுகூட இருக்காது. இருந்தால் அது அவருடைய ஆதார் நகல்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு சகோதரியின் நிலையைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். நிக்காஹ் ஆகி ஆறு வருடம். இரண்டு முறை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். நகையில் பாதி அடகில் இருந்தது. மாமியாரோடு அலுவலகத்துக்கு வந்தார். அந்த அம்மா உதவித் தொகை பற்றிக் கேட்டுவிட்டு, போகிற போக்கில், ஏழை வீட்டுப் பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மகனுக்கு இன்னொரு நிக்காஹ் செய்யலாம் என்று இருக்கிறோம் என்றார். மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தபடி துப்பட்டாவின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகனுடைய ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள் என்றோம். "எங்க பையனுக்கு என்ன குறை?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் ஆறில் ஒருவர் குழந்தைப் பேறின்மையை எதிர்கொள்கிறார். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படி வரும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் ஆணிடம் மட்டும், சிலரிடம் இருவரிடமும். அப்படியானால் எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது? பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகளில் சில வலி தருபவை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்துகொண்டவர்களுக்கு அது தெரியும். ஆணுக்குச் செய்ய வேண்டிய முதல் சோதனையில் ஊசி கிடையாது, கத்தி கிடையாது. விந்தணுப் பரிசோதனை ஒன்றுதான். செலவும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எளிதானதை விட்டுவிட்டுக் கடினமானதில் தொடங்குகிறோம். அதுவும் ஒருவர் உடம்பிலேயே தொடங்கி, அவர் உடம்பிலேயே முடிக்கிறோம்.

வேலூர்க்காரர்களுக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை தெரியும். 1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களின் கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் முஸ்லிம். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து வரிசையில் நிற்கிறார்கள். நமக்கு அது ஒரு மணி நேரப் பயணம்.

அன்று பெண்ணை மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் உயிர் போனது. இன்று பெண்ணை எல்லா மருத்துவரிடமும் காட்டுகிறோம். ஆணை ஒருவரிடமும் காட்ட மாட்டோம் என்கிறோம்.

ஆண்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ரிப்போர்ட்டில் குறை வந்தால் ஆண்மைக்கே குறை என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இல்லறத்தில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல திடகாத்திரமான ஒருவருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பார்த்தால் தெரியாது, அவருக்கே தெரியாது, மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டி, மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்கள் இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை வாங்கிச் சாப்பிட்டு ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற யுனானி, சித்த மருத்துவர்களை நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் முதலில் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு தயக்கம் மார்க்கம் சம்பந்தமானது. பரிசோதனைக்கான விந்தை எடுப்பது கூடுமா என்று கேட்கிறார்கள். சிகிச்சையின் தேவைக்காக, மனைவியின் துணையோடு எடுப்பதற்கு உலமாக்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மஹல்லா ஹழ்ரத்திடம் தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான காய்ச்சல் வந்து போனாலும் சில வாரங்களுக்கு எண்ணிக்கை குறையும். மருத்துவர் மறுபடி பார்க்கச் சொல்வார்.

விந்தணு ஒரே நாளில் உண்டாவதில்லை. விரையில் அது உருவாகி முடிய 70 நாட்களுக்கு மேல் ஆகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த கணக்கில் சொன்னால், ஈகைப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரை உள்ள காலம். அதன் பிறகு முதிர்ச்சி அடைய இன்னும் சில நாட்கள் வேண்டும். ஆகவே இன்றைய ரிப்போர்ட் என்பது, மூன்று மாதத்துக்கு முன்பு நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதன் கணக்கு. இன்று விட்டொழிக்கும் ஒரு கெட்ட பழக்கத்தின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு வாரம் பீடியை நிறுத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று மறுபடி பற்றவைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

பீடி என்றதும் சில முகங்கள் தரையைப் பார்க்கின்றன. புகையிலை விந்தணுவின் எண்ணிக்கையையும் குறைக்கும், ஓட்டத்தையும் குறைக்கும். மனைவி புகைப்பதில்லை; ஆனால் ஒரே அறையில் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார், அவருடைய கருமுட்டைக்கும் அது கேடுதான். குட்காவை 2013லிருந்து தமிழக அரசு தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது, பாக்கெட்டும் இருக்கிறது. உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டால் புகை இல்லையே என்கிறார்கள் வாலிபர்கள். நிக்கோட்டின் ரத்தத்தில் கலப்பதற்குப் புகை தேவையில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் நம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: புகையிலைத் தூள் கையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். கருத்தரிக்க விரும்பும் பெண்ணையும் கருவுற்ற பெண்ணையும் அந்த முறத்தின் முன் உட்கார வைக்காதீர்கள். வருமானம் போகுமே என்பது நியாயமான கேள்வி. அந்த ஒன்பது, பத்து மாதத்துக்கு ஈடு செய்ய வழி உண்டா என்று அறக்கட்டளையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளிடம் ஒரு செய்தி. உடற்பயிற்சி நல்லது. ஆனால் சீக்கிரம் மார்பு விரிய வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லும் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், இங்கே ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து விரைக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு பூஜ்ஜியம் வரை போகும். நிறுத்திய பிறகு திரும்பி வருவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். பார்ப்பதற்குப் பயில்வான், ரிப்போர்ட்டில் வெறுமை.

அடுத்தது சூடு. விரைகளை உடலுக்கு வெளியே அல்லாஹ் அமைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு சரியாக உற்பத்தியாகும். விறகடுப்பின் முன் நாள் முழுக்க நிற்கும் பிரியாணி மாஸ்டர், பாய்லர் பார்க்கும் தொழிலாளி, இன்ஜின் சூட்டின் மேல் உட்கார்ந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஓட்டுபவர் ஆகியோர் இதைக் கவனிக்க வேண்டும். வேலையை விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இடையிடையே எழுந்து காற்றாட நில்லுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான ஜீன்ஸைக் கழற்றிவிட்டுக் கைலி கட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டனார்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

இனி நம் வட்டாரத்துத் தொழிலுக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அதற்கு முன், வெகு தூரத்தில் நடந்த ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் ஒரு ரசாயன ஆலை. மண்ணிலுள்ள புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தை அங்கே தயாரித்தார்கள். 1977இல் அங்கு வேலை பார்த்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒன்றைக் கவனித்தார்கள்: நம்மில் யாருக்கும் சமீபத்தில் பிள்ளை பிறக்கவில்லையே! சங்கத்தின் மூலம் பரிசோதனை கேட்டார்கள். பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அந்த மருந்தோடு அதிக வருடம் பழகியவர்களுக்குப் பாதிப்பும் அதிகமாக இருந்தது. 1979இல் அந்த நாட்டில் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தார்கள். கண்டுபிடித்தது சாப்பாட்டு நேரத்துப் பேச்சுதான். நம் ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் அப்படிப் பேசுகிறோமா? பேச மாட்டோம். ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெண்ணிடம்தான் குறை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறோம்.

நம்மிடம் இருப்பது அந்த மருந்து அல்ல. ஆனால் ஒட்டும் பசையிலும், தோலுக்கு மெருகேற்றும் ஸ்ப்ரேயிலும் கரைப்பான்கள் இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறி, தலை லேசாகச் சுற்றுகிறதே, அதுதான். டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியை அதிகமாகச் சுவாசித்த பெண் தொழிலாளர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைச் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் நடந்த ஆய்வு 1992இல் காட்டியது. பெயிண்டிலும் மெருகுப் பூச்சிலும் பயன்பட்டு வந்த கிளைக்கால் ஈத்தர் வகைகளில் சில, விந்தணு உற்பத்தியைக் குறைப்பவை. எல்லாக் கம்பெனியிலும் ஒரே பசை கிடையாது. தண்ணீரில் கரையும் பசைக்குப் பல இடங்களில் மாறிவிட்டார்கள். அதனால் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் போனில் படம் பிடித்து, மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். பசை டின்னை வேலை இல்லாத நேரத்தில் மூடி வையுங்கள். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்திருக்கட்டும். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியாக இருக்கிறது. பசை ஒட்டிய கையைத் தின்னரில் கழுவாதீர்கள், தின்னரே தோல் வழியாக உள்ளே போகும். அந்தக் கையோடு டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து படுக்கையில் உட்காராதீர்கள். குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்ணை ஒட்டும் பிரிவிலிருந்து தையல் பிரிவுக்கோ பேக்கிங்குக்கோ மாற்றித் தரும்படி கேளுங்கள். இந்தக் கூட்டத்தில் தொழில் நடத்தும் பெருமக்களும் இருக்கிறீர்கள். அப்படி ஒரு பெண் வந்து கேட்டால், காரணத்தை நாலு பேர் முன்னால் சொல்ல வைக்காமல் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த அறக்கட்டளைக்கு நீங்கள் எழுதும் காசோலையைவிட அது சிறிய சதகா அல்ல.

பாலாற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே என்று ஒருவர் கேட்பார். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அது ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம், இன்னும் முடியவில்லை. ஆனால் ஆற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உதட்டுக்கடியில் பாக்கெட்டை வைத்துக்கொள்பவரோடு நாங்கள் உடன்பட முடியாது.

இப்போது சகோதரிகளிடம். நம் பெண்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் மாதவிலக்கு எந்த நாள் வந்தது, எந்த நாள் குளித்துச் சுத்தமானோம் என்று கணக்கு வைக்கிறீர்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். அதை மனதில் வைக்காமல் காலண்டரில் புள்ளி வைத்துவிடுங்கள். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 14ஆம் நாளில் கருமுட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்கள்தான் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள். துல்லியமாக நாள் குறிக்கப் போய் இல்லறத்தைப் பரீட்சை ஆக்கிக்கொள்ள வேண்டாம். குளித்துச் சுத்தமானதிலிருந்து இரண்டு வாரத்துக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கணவன் மனைவி கூடியிருந்தால் போதும்.

இந்தக் கணக்கு வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு மிகவும் தேவை. 'நாலு வருஷமாச்சு, இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை' என்று ஊர் பேசும். நிக்காஹ் முடிந்து முப்பதாம் நாள் அவர் விமானம் ஏறினார். இரண்டு வருடம் கழித்து 45 நாள் லீவு. மறுபடி ஒரு 40 நாள். கூட்டிப் பாருங்கள், நாலு வருடம் அல்ல, நாலு மாதம்கூட முழுதாக இல்லை. அதிலும் அந்த ஆறு நாட்கள் நாலு தடவை வந்திருந்தால் அதிகம். நல்ல ஆரோக்கியமான இளம் தம்பதியருக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20, 25தான். சேர்ந்து வாழும் பத்துத் தம்பதியரில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். அதனால்தான் மருத்துவ உலகம் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காதபோதுதான் பரிசோதிக்கச் சொல்கிறது. மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதம் போதும், காத்திருக்க வேண்டாம். கணவர் ஊரில் இல்லாத மாதங்களைச் சேர்த்து எண்ணி ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பது பெரிய அநியாயம். லீவு எடுப்பவர் மனைவியிடம் தேதியைக் கேட்டு டிக்கெட் போடுங்கள்.

மாதவிலக்கு 35 நாள், 40 நாள், இரண்டு மாதம் என்று தள்ளிப் போகிறதென்றால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. சினைப்பை நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதியிருப்பார்கள். கட்டி என்றதும் பயந்துவிடுகிறோம். அறுத்து எடுக்க வேண்டிய கட்டி அல்ல அது, முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் உடல் எடையும் இதோடு பின்னிக் கிடக்கின்றன. எடை கூடியவர்கள் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது, முட்டை வெளிவருகிறது. 80 கிலோ உள்ளவர் 40 கிலோவுக்கு வர வேண்டியதில்லை, 74க்கு வந்தாலே வித்தியாசம் தெரியும். இன்று காலை அருவிப் பக்கம் நடந்தோமே, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவர்கள் யார் யார் என்று நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம்! ஆண்களும் அதில் சேர்த்திதான். ஆம்பூர் பிரியாணியை யாரும் விடப் போவதில்லை, நாங்களும் விடவில்லை. வலீமாவுக்கு வலீமா சாப்பிடுங்கள். வாரத்தில் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, மேலே மக்கன் பேடாவும் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு ஒரு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் வினை. இந்த ஜவ்வாது மலையில் விளையும் சாமை கீழே சந்தைக்கு வருகிறது. ராத்திரி அரிசிக்குப் பதில் அதைச் சமைத்துப் பாருங்கள்.

தைராய்டு, சர்க்கரை இரண்டையும் கருத்தரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கரு தங்கினால் கலைவதற்கும், குழந்தைக்கு உறுப்புக் குறை வருவதற்கும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்கிய பிறகல்ல, முயற்சி தொடங்கும்போதே எடுக்க வேண்டும். சிறு வயதில் உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ காசநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது நுரையீரலில் மட்டும் வருவதல்ல, சத்தமில்லாமல் கருக்குழாயையும் அடைத்துவிடும். வெளியே தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று தாய் மறைத்த நோய், மகளின் கோப்பில் பத்து வருடம் கழித்து வெளிவந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இத்தனையும் செய்து, மருத்துவரும் சோதனைக் குழாய் முறைதான் வழி என்றால், அது மார்க்கத்தில் கூடுமா என்பது அடுத்த கேள்வி. திருமண உறவில் இருக்கும் கணவனின் விந்தும் அதே மனைவியின் கருமுட்டையும் அதே மனைவியின் கருப்பையும் என்றால் கூடும் என்று 1980லேயே எகிப்தின் அல்அஸ்ஹரிலிருந்து ஃபத்வா வந்தது. மூன்றாம் நபருடையது எதுவும் இடையில் வரக்கூடாது. ஆகவே மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படியுங்கள், தானமாகப் பெற்ற முட்டை, தானமாகப் பெற்ற விந்து என்ற வரிகள் இருந்தால் கேளுங்கள். 2021இல் வந்த மத்தியச் சட்டப்படி இந்தச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. நகையை விற்பதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டுங்கள். இன்று வேலூரிலிருந்து வந்தவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியின் வாசலைக் கடந்துதான் இங்கே வந்தீர்கள்.

துஆ செய்தால் போதாதா என்று கேட்கும் பெரியவர்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை நாங்கள் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தள்ளாத வயதில் கையேந்தியதை எல்லாரும் எடுத்துக் காட்டுகிறோம். அவர்கள் தம் மனைவியைக் குறை சொல்லவோ கைவிடவோ இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. உம்மத்துக்கே அவர்கள் தாய். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்க, பிள்ளை இல்லாதவள் என்று ஒரு பெண்ணை விலக்கி நிறுத்துகிறவர்கள், யாரை விலக்குகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். பிள்ளை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி யாராவது தலாக் பேசவோ இரண்டாம் நிக்காஹ் தப்தருக்கோ வந்தால், முதலில் கணவருடைய பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். அவரிடம் விந்தணுவே இல்லை என்றால், இரண்டாவது பெண்ணும் அதே பழியைச் சுமக்கப் போகிறாள். எங்கள் குழுவும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. குழந்தைப் பேறு சிகிச்சைக்கு உதவி கேட்கும் விண்ணப்பத்தில் இருவர் ரிப்போர்ட்டும் இருந்தால்தான் இனி பரிசீலிப்போம். கணவரின் முதல் பரிசோதனைக்கான செலவை, வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால், அறக்கட்டளையே ஏற்கும்.

ஆரம்பத்தில் சொன்ன சகோதரியின் கணவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து, இஷா தொழுகைக்குப் பிறகு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் தனியாக வந்தார். ஷூ கம்பெனியில் அடித்தோல் ஒட்டும் பிரிவில் ஒன்பது வருட வேலை. பாக்கெட்டில் புகையிலை. பரிசோதனையில் எண்ணிக்கையும் குறைவு, ஓட்டமும் குறைவு. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவளை ரெண்டு தடவை சுத்தம் பண்ணினாங்களே, அது எதுக்கு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

புகையிலையை விட்டுவிட்டார். பிரிவை மாற்றிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை கூடியிருக்கிறது. குழந்தை இன்னும் இல்லை, சிகிச்சை நடக்கிறது. இரண்டாம் நிக்காஹ் பேச்சு அந்த வீட்டில் நின்றுவிட்டது. அவரே தன் தாயாரிடம் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினாராம்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு தாய்மார்களும் சகோதரிகளும் மேற்குப் பக்கக் கூடாரத்தில் பெண் மருத்துவரிடம் தனியாகப் பேசலாம். ஆண்களுக்கு இந்த மரத்தடியிலேயே ஆண் மருத்துவர் இருப்பார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதி இந்தப் பெட்டியில் போடுங்கள். பேனாவும் காகிதமும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். சாப்பாடு இரண்டு மணிக்கு. வஸ்ஸலாம்.